தாவரம்: நிற்பதெல்லாம் செடியா?

'தாவர எண்ணெய்', 'தாவர உண்ணி' என்னும்போது 'தாவர' என்ற அடைக்குச் செடிகொடி சார்ந்தது என்றே பொருள் கொள்கிறோம். சொல்லின் வேரிலோ செடியும் இல்லை, இலையும் இல்லை. 'தாவு' என்ற வினையோடு முடிச்சுப் போட்டு, தாவிப் படரும் கொடியை நினைத்தால் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுவோம். வடமொழியில் 'ஸ்தா' என்றால் நிற்றல். அதிலிருந்து வந்த 'ஸ்தாவர' என்பது இடம்விட்டு நகராததைக் குறிக்கும். ஸ்தலம் தலமானது போல, இதுவும் முதலெழுத்தை உதிர்த்துவிட்டுத் தாவரமாயிற்று.

பழைய பொருள் எவ்வளவு விரிந்தது என்பதற்குத் திருவாசகம் சான்று. புல், பூடு, புழு, மரம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், தேவர் என்று பிறப்புகளை அடுக்கிவந்து, 'இத்தாவர சங்கமத்துள்' என்று அனைத்தையும் அடக்குகிறார் மாணிக்கவாசகர். நிற்பது தாவரம், இயங்குவது சங்கமம். கல்லும் நிற்கும் கூட்டத்தில்தான். பழைய பத்திரங்களில் வரும் 'ஸ்தாவர ஜங்கம சொத்து' இதே இணைதான். அங்கே வீடும் நிலமும் ஸ்தாவரம். இன்று அசையாச் சொத்து.

தனித்தமிழில் எழுதுவோர் தாவரத்துக்கு 'நிலைத்திணை' என்பார்கள். பொருளைப் பிசகாமல் பிடித்த அழகான ஆக்கம். ஆனால் மூலத்தின் குறையும் கூடவே வந்துவிட்டது. பாறையில் ஒட்டிக்கொண்டு நகராமலே வாழும் கடற்பஞ்சு ஒரு விலங்கு. நிற்பதை மட்டும் வைத்துச் செடியை அடையாளம் காண முடியாது.

தொல்காப்பியர் நிற்பதைப் பார்க்கவில்லை, அறிவைப் பார்த்தார். 'புல்லும் மரனும் ஓரறிவினவே' என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி. தொடுவுணர்வு ஒன்றே அவற்றுக்கு உண்டு என்பது கருத்து. அதோடு விடாமல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்றும் பிரிக்கிறார். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைப் பிரிவில்தான் வைக்கிறது.

தாவரவியல், தாவர உணவு ஆகியவை வேரூன்றிவிட்டன, பிடுங்க வேண்டியதில்லை. பேச்சுக்குச் செடிகொடி, பயிர்பச்சை போதும். நான் மறுப்பது 'தாவர நிலை' ஒன்றைத்தான். கண் விழித்திருந்தும் தன்னையோ சூழலையோ உணராத நோயாளியின் நிலைக்கு 1972இல் ஜென்னெட், பிளம் என்ற மருத்துவர்கள் இட்ட 'வெஜிடேட்டிவ்' என்ற பெயரின் நேர்பெயர்ப்பு அது. அந்தப் பெயரின் இலத்தீன் வேருக்கு உயிர்ப்பூட்டுதல் என்று பொருள். மூச்சும் செரிமானமும் தாமே நடப்பதை அது சுட்டியது. தமிழில் 'தாவர நிலை' என்றால் மனிதரைச் செடியாக்கிவிட்டதாகத்தான் காதில் விழுகிறது. 'விழிப்பிருந்தும் உணர்வற்ற நிலை' என்று எழுதினால் நீளம் கூடும்; நோயாளியின் வீட்டாருக்கு விளங்கும்.