கேஸ்ட்ரிக்: நோயாகிப்போன ஒரு பெயரடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். “பசியாறாம இருந்துட்டேன், கேஸ்ட்ரிக் வந்துடுச்சு.” நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக்தான், வயிறு உப்பினாலும் கேஸ்ட்ரிக்தான், புளித்த ஏப்பம் வந்தாலும் அதேதான். மலாய்க்காரர்களும் ‘காஸ்ட்ரிக்’ என்றே சொல்வதால் கவுண்டரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பசியையும் இந்தச் சொல்லையும் சேர்த்தே பேசுவது தோட்டத்துப் பழக்கம் என்பது என் ஊகம். ரப்பர் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக ஓடும். அதனால் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, வெறும் கோப்பியோடு மரம் வெட்டப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பசியாறும்போது வெயில் ஏறியிருக்கும்.

ஆனால் ஆங்கிலத்தில் இது நோயின் பெயரே இல்லை. ‘இரைப்பை சார்ந்த’ என்று பொருள் தரும் வெறும் பெயரடை. ‘இரைப்பை வலி’ என்பதில் வலியை விட்டுவிட்டு “எனக்கு இரைப்பை” என்றால் எப்படியோ, அப்படித்தான் “எனக்கு கேஸ்ட்ரிக்” என்பதும். மூலம் கிரேக்கத்தின் ‘காஸ்டெர்’, அதாவது வயிறு. வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர், கிரேக்கத்தின் ‘கேயாஸ்’ என்ற சொல்லிலிருந்து உருவாக்கியது. ஓசை ஒத்திருப்பதால் நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, கேஸ்ட்ரிக் என்றால் வயிற்றில் காற்று என்று முடிவுகட்டிப் பூண்டைத் தேடுகிறார்கள்.

தமிழில் வயிறு வேறு, இரைப்பை வேறு. விலாவுக்குக் கீழே இடுப்புவரை உள்ளதெல்லாம் வயிறு. அதனுள்ளே இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கும் பைதான் இரைப்பை. இரை என்றால் கோழிக்குப் போடுவதாயிற்றே என்று சிலர் கூச்சப்படுவதுண்டு. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. உறுப்பின் வேலையைச் சொல்லிவிடும் நல்ல சொல் அது. வெறுமையாக இருக்கும்போது 100 மில்லிகூடக் கொள்ளாத அந்தப் பை, சாப்பிட்டபின் ஒரு லிட்டருக்கும் மேல் விரியும்.

அதன் பகுதிகளுக்கு நம் பாடநூல்கள் பெரும்பாலும் கார்டியா, ஃபண்டஸ், பைலோரஸ் என்று ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உணவுக்குழாய் வந்து சேரும் இடம் கார்டியா. கிரேக்கத்தில் அது இதயத்தின் பெயர். இதயத்துக்கு அருகில் இருப்பதால் ஒட்டிக்கொண்டது. இதை ‘இதயப் பகுதி’ என்று தமிழாக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். மேல்வாய் என்றால் போதும்.

ஃபண்டஸ் இன்னும் வேடிக்கை. லத்தீனில் அதற்கு ‘அடி’ என்று பொருள், ஆனால் இருப்பதோ உச்சியில். ஒரு பையின் திறப்புக்கு எதிர்ப்புறத்தை அடி என்று அழைப்பது உடற்கூற்றியல் வழக்கம். கருப்பையின் உச்சிக்கும் இதே பெயர்தான். தமிழில் நான் முகடு என்பேன். நின்றபடி எக்ஸ்ரே எடுத்தால் காற்றுக்குமிழ் தெரிவது இந்த முகட்டில்தான். உணவு இறங்க இறங்கத் தளர்ந்து இடம் கொடுப்பதும் இதன் வேலை.

நடுப்பகுதியில்தான் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினின் முன்வடிவமும் சுரக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் இரைப்பைநீர். வைட்டமின் பி12 உடலில் சேரத் தேவையான ஒரு புரதமும் இங்கிருந்துதான் வருகிறது. அதனால் இரைப்பையை முழுதாக அகற்றியவர்கள் பி12 ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கீழே ஆன்ட்ரம், கிரேக்க வேரில் குகை. உணவு கடைபட்டுக் கூழாவது இங்கே. அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் பிறப்பதும் இங்கேதான். அதற்கப்புறம் பைலோரஸ். கிரேக்கத்தில் வாயிற்காப்போன், நம் ஊர்ப் பேச்சில் ஜாகா. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைபட்டதைத்தான் பெரும்பாலும் முன்சிறுகுடலுக்குள் விடுவார். கொழுப்பு வந்துவிட்டால் இன்னும் நிதானம். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் வயிற்றில் நெடுநேரம் கனப்பது இதனால்தான்.

இந்த ஜாகாவின் பெயரைத்தான் இரைப்பையில் புண் உண்டாக்கும் ஒரு கிருமிக்கும் வைத்திருக்கிறார்கள்: ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதைக் கண்டறிந்தார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் இது மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று இங்கு நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம் மூட்டுவலிக்கு விழுங்கும் சில வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். பசியாறாததையும் சம்பல் காரத்தையும் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இவை இரண்டும் தப்பித்துவிடும்.

சரி, கேஸ்ட்ரிக்குக்குத் தமிழ் என்ன? பெயரடையாக என்றால் ‘இரைப்பை’ என்று முன்னொட்டினாலே ஆயிற்று: இரைப்பைநீர், இரைப்பைச் சுவர். நோயாக என்றால் ஒரே சொல் கிடையாது, இருக்கவும் கூடாது. உட்சுவர் வீங்கிச் சிவந்தால் இரைப்பை அழற்சி. குழிந்தால் இரைப்பைப் புண். குடற்புண் என்று பொதுவாகச் சொல்வது முன்சிறுகுடலில் வந்தால்தான் பொருந்தும். அமிலம் மேல்வாயைத் தாண்டி ஏறினால் எதுக்களிப்பு, அதனால் வருவது நெஞ்செரிச்சல். சாப்பிட்டது தங்கிக் கனத்தால் செரியாமை, காற்றடைத்தால் உப்புசம். சித்த மருத்துவம் இவற்றில் பலவற்றைக் குன்மம் என்ற தலைப்பில் எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இத்தனை சொல் இருந்தும் எல்லாவற்றையும் கேஸ்ட்ரிக் என்ற ஒரே மூட்டையில் கட்டுவதில் பெரிய ஆபத்து மேல்வாய்ப் பக்கம்தான் இருக்கிறது. இதயத்துக்குப் போகும் ரத்தம் தடைப்படும்போதும் சிலருக்கு, முக்கியமாக இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, மேல்வயிற்றில்தான் எரிச்சலும் அழுத்தமும் தெரியும். கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ ஏறினாலோ மருந்துக்கடையில் கேஸ்ட்ரிக் மாத்திரை கேட்டு நிற்காதீர்கள். 999க்கு அழையுங்கள்.