காணொளியா, காணொலியா? வீடியோ ஆர்ட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

சேலத்தில் ஒரு கலை நிகழ்ச்சியின் அழைப்பிதழில் ‘காணொளி’ என்று இருந்தது. அதே நிகழ்ச்சியின் பதாகையில் ‘காணொலி’. எழுத்துப் பிழை என்று பலரும் கடந்து போனார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘வீடியோ’ இலத்தீன் வினைச்சொல். ‘நான் காண்கிறேன்’ என்பது பொருள். ‘நான் கேட்கிறேன்’ என்ற பொருளுடைய ‘ஆடியோ’வுக்கு இணையாக 1930களில், தொலைக்காட்சி வளரத் தொடங்கிய நாட்களில், ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்தது. ஆக, பிறப்பிலேயே அதில் கண் மட்டும்தான் உண்டு, காது இல்லை. தமிழில் ‘காணொளி’, காணும் ஒளி என விரியும் வினைத்தொகை. அதிலும் காது இல்லை. ‘காணொலி’ என எழுதுவோர் காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்று விளக்குகிறார்கள். ஒலியை எப்படிக் காண்பது என்று மறுப்பவர்களும் உண்டு.

வீடியோவையே தன் ஊடகமாகக் கொண்ட கலையான வீடியோ ஆர்ட்டின் வரலாறு அந்த மறுப்புக்கு விடை சொல்கிறது. அதன் முன்னோடியான நாம் ஜூன் பைக், கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் இசை பயின்றவர். 1963இல் வுப்பர்டால் நகரில் அவர் வைத்த கண்காட்சியில், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வானொலியுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஒலியைக் கூட்டினால் திரையின் ஒளிப்புள்ளி விரியும்; குறைத்தால் சுருங்கும். அங்கே ஒலி உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. பின்னாளில் கலைஞர்களின் கைக்கு வந்த வீடியோ நாடாவும் இதற்கு இசைந்தது. ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவு வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் காலத்துப் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் நடிகரின் முகம் தெரியும். வீடியோவின் காந்த நாடாவைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அதில் காட்சியும் ஒலியும் மின்குறிகளே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மாற்றலாம்.

ஆடலுக்கும் இதில் பங்கு உண்டு. 1970களில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம், திரைப்படக் கலைஞர் சார்லஸ் அட்லஸுடன் சேர்ந்து கேமராவுக்கென்றே நடனங்களை அமைத்தார். கேமரா காணும் வெளி, லென்ஸுக்கு அருகே குறுகி, விலக விலக விரியும்; ஆடுபவர் அதற்கேற்பவே இடம் மாற வேண்டும். சேலத்துத் தெருக்கூத்தைச் செல்பேசியில் எடுப்பது பதிவு, அவ்வளவே. பதிவு வேறு, வீடியோ ஆர்ட் வேறு.

‘நிகழ்படம்’ என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது. ‘நிகழ்த்துகலை’யோடு வேர் பகிரும் அழகு அதற்கு உண்டு; ஆனால் அதிலும் ஒலி இல்லை. ஆடல், பாடல், நடிப்பு மூன்றையும் ‘கூத்து’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. காதில்லாத சொல்லோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை.

பொதுவான வீடியோவுக்குக் ‘காணொளி’ இருக்கட்டும். வீடியோ ஆர்ட்டுக்குக் ‘காணொலிக் கலை’ என்பதே என் தேர்வு. கூத்து மேடையின் மிருதங்க அடிக்கு ஏற்பத் திரையில் ஒளி விரிந்து சுருங்கும் படைப்பு ஒன்றைச் சேலத்தில் யாராவது செய்தால், அழைப்பிதழில் அந்தச் சொல்லையே அச்சிடலாம்.