அடுத்த வெளிச்சத்துக்கு எத்தனை நொடி?

வடபழனிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நான் தொழிலுக்கு வந்த புதிது. கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார், ஃபிளாஷ் அடித்தது. நாத்தனார் குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டபோது அடிக்கவில்லை. ஃபிளாஷ் மறுபடி தயார் என்று காட்டும் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிவதற்குள் அட்சதை விழுந்து முடிந்துவிட்டது. பெட்டிக்கடையில் வாங்கிய நான்கு சாதாரண பேட்டரிகள். முதல் நாள் வரவேற்பிலேயே பாதி தீர்ந்திருந்தன. அந்தப் படம் ஆல்பத்தில் ஏன் இல்லை என்று பெண்ணின் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் குறைந்த விலையில் நல்ல ஃபிளாஷ் எது என்று யார் கேட்டாலும், பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள் என்று தொடங்குகிறேன். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்லும் ‘கைடு நம்பர் 60’ என்பது பெரும்பாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் அளவு) 100-இல், ஃபிளாஷ் தலையை 200 மி.மீ. வரை ஜூம் செய்து அளந்தது. மேடையில் நிற்கும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வெளிச்சம் பரவ 35 மி.மீ.க்கு வந்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். கூரையில் அடித்துத் திருப்பினால் இன்னும் குறையும்.

கடையில் கேட்க வேண்டியது வேறு: முழு சக்தியில் அடித்தபின் மறுபடி தயாராக எத்தனை நொடி? நான்கு ஏஏ பேட்டரி போடும் கோடாக்ஸ் டிடி685 போன்றவற்றுக்கு இரண்டரை நொடி வரை ஆகும். லித்தியம் பேட்டரி உள்ள வி860 வகைக்கு ஒன்றரை நொடி. அந்த ஒரு நொடியில் ஒரு முடிச்சு விழுந்துவிடும்.

லித்தியம் வகைக்குக் கையில் காசு இல்லையா? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி மூன்று செட் வாங்குங்கள். 1.2 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். உள்மின்தடை குறைவு என்பதால் 1.5 வோல்ட் சாதாரண பேட்டரியைவிட வேகமாக மின்சாரம் கொடுக்கும். கூடவே ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் 100-இல் தேவைப்பட்ட வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு போதும். ஃபிளாஷ் உடனுக்குடன் தயாராகும், சூடும் ஏறாது. ஏசி இல்லாத மண்டபத்தில் வைகாசி முகூர்த்தம் எடுத்தவர்களுக்கு அந்தச் சூடு என்னவென்று தெரியும்.

வெளிச்சத்தின் அளவை நாமே வைக்க வேண்டிய டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷ், லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து தானாகவே அளவு வைக்கும் டிடிஎல் உள்ளதன் பாதி விலைக்கே கிடைக்கும். வரவேற்பு மேடைக்கு அது தாராளம்: ஜோடி நகராது, நீங்களும் நகர மாட்டீர்கள், ஒருமுறை அளவு வைத்தால் போதும். டிடிஎல் போல வெள்ளை வேட்டியையும் ஜரிகையையும் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் காசி யாத்திரை, மாலை மாற்றல் என்று கூட்டத்தோடு ஓட வேண்டிய இடங்களில் தூரம் நொடிக்கு நொடி மாறும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிடிஎல் வாங்குங்கள், ஏமாறும் இடத்தில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில், ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவே இருக்க வேண்டிய பொதுவான தொடுமுனையே கிடையாது. அந்த ஒரு முனையை மட்டுமே நம்பும் மேனுவல் ஃபிளாஷ் அவற்றின்மேல் அடிக்காது. ஆகவே அண்ணா சாலைக்குப் போனாலும் ரிச்சி தெருவுக்குப் போனாலும் உங்கள் கேமராவை எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே மாட்டி, முழு சக்தியில் பத்து முறை அடித்து, வாய்விட்டு நொடிகளை எண்ணுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மண்டபத்தையும் முதல் நாளே ஒரு நடை பார்த்துவிடுங்கள். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் அதிர்ஷ்டம். பச்சைச் சுவரில் திருப்பி அடித்தால் மணப்பெண்ணின் முகமும் பச்சைதான். பந்தல் துணி கறுப்பாக இருந்தால் வெளிச்சம் திரும்பியே வராது.

பிலிம் காலத்து ஃபிளாஷை மாமா சும்மா கொடுக்கிறார் என்றால் வாங்கி அலமாரியில் வையுங்கள். சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், டிஜிட்டல் கேமராவின் மின்சுற்றே பழுதாகலாம்.