நாற்பது வயதுவரை ஒளிந்திருக்கும் நோய்: ஒரு புழு சொன்ன பதில்

மூளையின் நரம்பு செல்களை அழிக்கும் ஹன்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை கருவிலேயே வந்துவிடுகிறது. பழுதான புரதத்தை உடல் பிறந்ததிலிருந்தே தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குக் கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்குவது முப்பது, நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை அந்தப் புரதம் ஏன் சும்மா இருந்தது?

நஞ்சு சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒருநாள் அளவு மீறுகிறது என்பது எளிதில் தோன்றும் விடை. அதைச் சோதிக்க மனிதர்களை நாற்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மோரிமோட்டோ அதற்குச் சீ. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவை எடுத்துக்கொண்டார். நீளம் ஒரு மில்லிமீட்டர். சுமார் மூன்று நாளில் பருவமடைந்து, இரண்டு மூன்று வாரத்தில் ஆயுளை முடித்துக்கொள்ளும். உடல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்க்கலாம்.

ஹன்டிங்டன் புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மேல் வரிசையாக நீண்டுவிடுகிறது. மனிதரில் 35 வரை தொல்லையில்லை. 40-ஐத் தொட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. மோரிமோட்டோ குழு வெவ்வேறு நீளக் குளுட்டமின் தொடர்களை மஞ்சளாக ஒளிரும் புரதத்தோடு ஒட்டி, புழுவின் தசையில் உருவாகச் செய்தது. முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. 29 வரை எதுவும் நேரவில்லை. 82 என்றால் இளம் புழுவிலேயே புரதம் திரண்டு கட்டிகளாகிறது. சுவையான பகுதி இடையில்தான் இருக்கிறது. 40 குளுட்டமின் உள்ள புழுவின் தசை இளமையில் ஒரே சீராக மஞ்சளாக ஒளிர்கிறது. நாட்கள் செல்லச் செல்ல அந்த ஒளி திரண்டு, பளிச்சென்ற புள்ளிகளாகிறது. புள்ளிகள் கூடக்கூட நீர்த்துளியில் புழு நெளியும் வேகம் குறைகிறது. மனிதரில் பல பத்தாண்டுகள் எடுக்கும் காரியம் புழுவில் சில நாட்களில் முடிந்துவிட்டது!

நீண்ட குளுட்டமின் தொடரை, ஏஜ்-1 மரபணு பழுதாகி ஆயுள் நீண்ட புழுக்களிலும் வைத்துப் பார்த்தார்கள். இன்சுலின் போன்ற சமிக்ஞையைக் கடத்தும் மரபணு அது. புரதமும் அதேதான், கடந்த நாட்களும் அவ்வளவேதான். ஆனால் புள்ளிகள் தாமதமாகின, நெளிவும் நீடித்தது. ஆக, கணக்கில் வருவது நாட்காட்டி அல்ல, உடலின் முதுமை.

முதுமையில் எது கைவிடுகிறது? எந்தப் புரதமும் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். மடிப்பைத் தாங்கிப் பிடிக்கவென்றே சாப்பரோன் என்னும் துணைப் புரதங்கள் உள்ளன. வெப்பமோ வேறு நெருக்கடியோ வந்தால் ஹெச்எஸ்எஃப்-1 என்ற புரதம் அவற்றை அதிக அளவில் தயாரிக்கச் செய்கிறது. ஜான் லாபாடியாவுடன் மோரிமோட்டோ 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புழு பருவமடைந்து இனப்பெருக்கத்தைத் தொடங்கும்போதே இந்தத் திறன் சில மணி நேரத்துக்குள் சரிகிறது. சாப்பரோன்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் பழுதாவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள ரசாயனக் குறிகள் மாறி, அவற்றை எளிதில் இயக்க முடியாமல் போகிறது. இனப்பெருக்க ஸ்டெம் செல்களை நீக்கினால் திறன் நிலைக்கிறது. முதுமை என்றால் மெல்லத் தேய்வது என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது உறுத்தலாம். எனக்கு வியப்பில்லை: சந்ததியை உண்டாக்கிய பிறகு உடல் எவ்வளவு காலம் தாங்குகிறது என்பதில் இயற்கைத் தேர்வுக்கு அக்கறை குறைவு.

கட்டிகளே வில்லன் என்று முடிவுகட்டவும் முடியாது. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஆண்ட்ரூ டில்லின் குழு 2006-ல் அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்தைப் புழுவில் ஆராய்ந்தது. ஹெச்எஸ்எஃப்-1 அந்தத் திரட்சிகளைப் பிரிக்க உதவியது. டாஃப்-16 என்ற இன்னொரு புரதமோ சிறு திரட்சிகளைப் பெரிய, தீங்கு குறைந்த கட்டிகளாகச் சேர்க்க உதவியது. அதாவது செல் சில நேரம் வேண்டுமென்றேதான் கட்டி கட்டுகிறது.

தசையில் கண்டது நரம்பில் அப்படியே நடக்குமா? மோரிமோட்டோ குழு 2006-ல் 40 குளுட்டமின் தொடரைப் புழுவின் நரம்பு செல்கள் அனைத்திலும் உருவாகச் செய்தது. இந்தப் புழுவுக்கு மொத்தமே 302 நரம்பு செல்கள்தான். அவற்றுள்ளும் சிலவற்றில் புரதம் திரண்டது, வேறு சிலவற்றில் கரைந்தே கிடந்தது. மனித மூளையிலும் ஹன்டிங்டன் புரதம் எங்கும் இருந்தும், முதலில் அழிவது ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி. ஒரே புரதம், ஒரே வயது. செல்லுக்குச் செல் தாங்கும் திறன் மட்டும் ஏன் மாறுகிறது என்பதே அடுத்த கேள்வி.