வெட்டத் தூண்டும் சிப்பாய்

மாரி மழையில் திருகோணமலைக் கடற்கரையில் பந்தடிக்க முடியாத நாட்களில் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை எடுப்பார்கள். அந்த ஆட்டங்களில் அடிக்கடி நடப்பது இது: வெள்ளை தன் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை டி4-க்கு (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை) நகர்த்தும், கறுப்பு டி5-இல் எதிரே வந்து நிற்கும், உடனே வெள்ளை சி4. காவலே இல்லாத சிப்பாய்! வெட்டாமல் விட யாருக்கு மனம் வரும்?

குயின்ஸ் கேம்பிட் என்னும் இந்தத் தொடக்கம் 1490 அளவில் சதுரங்கம் பற்றி எழுதப்பட்ட கோட்டிங்கன் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. சி4-ஐ வெட்டுவது தவறில்லை. வெட்டியதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதுதான் வினை.

கறுப்பு வெட்டியதும் வெள்ளை ஈ3 ஆடுகிறது. இப்போது வெள்ளையின் மந்திரி சி4-இல் உள்ள அந்தக் கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு காவலுக்குப் பி5 வைக்க, வெள்ளை ஏ4 ஆடி அந்தக் காவலையே தாக்குகிறது. ஏ6 முட்டுக்கொடுத்தால் உதவாது: வெள்ளை பி5-ஐ வெட்டும்போது ஏ6 சிப்பாய் திருப்பி வெட்டினால், ஏ வரிசை திறந்து ஏ8 கோட்டை பறிபோகும். சரி, சி6 ஆடினால்? வெள்ளை பி5-இல் வெட்டுகிறது, கறுப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. இங்கே கொஞ்சம் நிதானித்துப் பலகையைப் பாருங்கள். டி5, சி6, பி7 மூன்றும் காலி. எஃப்3-இலிருந்து ஏ8 வரை மூலைவிட்டம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதன் முனையில் கறுப்புக் கோட்டை, நகர ஒரு கட்டம்கூட இல்லாமல். ஈ3 நகர்வு வெள்ளை ராணிக்கும் வழிவிட்டிருந்தது. ராணி எஃப்3-க்கு வந்தால் போதும். குறுக்கே குதிரையையோ மந்திரியையோ போட்டால் அது போகும், போடாவிட்டால் கோட்டை போகும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளை அதை மீட்கச் செலவிடும் நேரத்தில் தம் காய்களை வெளியே கொண்டுவந்து, சி5 அல்லது ஈ5 ஆடி நடுப்பலகையைத் தாக்குவார்கள்.

வெட்டவே மாட்டேன் என்பவர்கள் ஈ6 ஆடுவார்கள். நடு உறுதியாகிவிடும், ஆனால் சி8 மந்திரி சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுவிடும். அதை விடுவிப்பதே கறுப்பின் பெரிய தலைவலி. 1927-இல் புவனோஸ் அயர்சில் கப்பாபிளாங்காவும் அலெகைனும் உலகப் பட்டத்துக்கு ஆடிய 34 ஆட்டங்களில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இந்தத் தொடக்கத்தின், சி4-ஐ வெட்டாத மறுப்பு வடிவந்தான். அவற்றை உட்கார்ந்து பார்த்தவர்களின் பொறுமைக்குத் தனிப் பரிசு கொடுத்திருக்கலாம்: 25 ஆட்டங்கள் சமநிலை. அலெகைன் 6 வென்றார், கப்பாபிளாங்கா 3.