டேம்பிங்: தணிப்பு

அதிரும் பொருளின் இயக்க ஆற்றல் ஒவ்வோர் அலைவிலும் சிறிது சிறிதாக வெப்பமாக மாறி வெளியேற, அலைவின் வீச்சு படிப்படியாகக் குறைந்துவருவதை எந்திரவியலில் ‘டேம்பிங்’ என்பர். கணினி வன்தட்டில் தரவைப் படிக்கும் கை, சிலிக்கான் தகடுகளை நானோமீட்டர் துல்லியத்தில் நகர்த்தும் மேடை, அணுவிசை நுண்ணோக்கி போன்ற, மெல்லிய வளையும் உறுப்புகளைக் கொண்ட கருவிகளைக் கட்டுப்படுத்துவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சொல் இது.

ஆங்கிலத்தில் ‘டேம்ப்’ என்பதற்கு இன்று ஈரம் என்பதே பொதுப்பொருள். ஆனால் அதன் பழம்பொருள் ஆவி, புகை, நச்சுக்காற்று என்பதாகும். நீராவியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான ‘டாம்ப்ஃப்’ இதற்கு உறவு. நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் வாயுவை ‘ஃபயர்டேம்ப்’ என்றதும் அப்பொருளில்தான். மூச்சை அடைக்கும் ஆவி என்பதிலிருந்து நெருப்பை அடக்குதல், ஒலியை மந்தமாக்குதல், அலைவை அடக்குதல் எனப் பொருள் விரிந்தது.

தமிழ்ப் பாடநூல்களில் ‘தடையுறு அலைவு’ என்னும் வழக்கு உண்டு. அது தவறன்று; எனினும் சுருள்வில்லும் இயக்கத்தைத் தடுக்கவே செய்கிறது, ஆனால் பெற்ற ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. திரும்பி வராத இழப்பே இங்கு முக்கியம். கோபம் தணிந்தது, காய்ச்சல் தணிந்தது என்னும்போது மிகுந்திருந்த ஒன்று மெல்லக் குறைந்து அடங்கும் பொருள் தானாகவே வந்துவிடுவதால், ‘தணிப்பு’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. தணிப்பு விகிதம் (அலைவே எழாமல் அடங்கத் தேவையான குறைந்த அளவுத் தணிப்பில், உள்ள தணிப்பு எவ்வளவு பங்கு என்பது), தணிப்பான், குறைத்தணிப்பு, மிகைத்தணிப்பு எனக் கிளைச்சொற்களும் இதிலிருந்து எளிதாகப் பிறக்கின்றன.

கட்டுப்பாட்டுக்கான கணித மாதிரியை அமைக்கும்போது நிறையையும், வளைவை எதிர்க்கும் விறைப்பையும் வடிவத்திலிருந்தும் பொருளின் பண்புகளிலிருந்தும் பெருமளவு கணித்துவிடலாம். தணிப்பு அவ்வாறு பிடிபடுவதில்லை, ஏனெனில் அது திருகாணி இணைப்புகளின் நுண்ணிய உராய்விலும், உலோகத்தின் உள்ளமைப்பிலும், சூழ்ந்த காற்றிலும் சிதறிக் கிடக்கிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி வகுத்த முறையில் தணிப்பை நிறை, விறைப்பு ஆகியவற்றின் கூட்டாக எழுதுவது கணக்குக்கு வசதியானதே. ஆனால் அதிலுள்ள இரண்டு கெழுக்களைக் கொண்டு இரண்டு அதிர்வெண்களில் மட்டுமே தணிப்பு விகிதத்தை விரும்பியவாறு பொருத்த முடியும். எனவே கருவியைத் தட்டியோ அதிர்வித்தோ அளந்து, ஒவ்வோர் அதிர்வுப் பாங்குக்கும் (கருவி தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் அதிரும் விதத்துக்கும்) தனித்தனியாகத் தணிப்பு விகிதம் கண்டறிவதே நம்பத்தக்க வழி.

அளவைப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். தணிப்பு விகிதம் 0.01 எனில், ஓர் அலைவுக்கு வீச்சு ஏறத்தாழ 6 விழுக்காடே குறையும். ஒத்ததிர்வின்போது, அதாவது விசையின் அதிர்வெண் பொருளின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துவரும்போது, வீச்சு, அதே விசை நிலையாகச் செயல்பட்டால் விளையும் விலகலைப்போல் 50 மடங்காகும். மாதிரியில் 0.02 எனக் கொண்ட பாங்கு உண்மையில் 0.005 ஆக இருந்தால், அதன் ஒத்ததிர்வு உச்சம் எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு உயர்ந்து நிற்கும். அசைவை அளக்கும் உணரியும் விசை தரும் இயக்கியும் வெவ்வேறு இடங்களில் இருப்பின் சில பாங்குகளின் கட்டம் தலைகீழாகிவிடுவதால் (ஓரிடம் ஏறும்போது மற்றது இறங்குவதால்), அடக்க வேண்டிய பின்னூட்டமே (உணரி அளந்ததற்கேற்ப இயக்கிக்குத் தரும் கட்டளையே) அவற்றுக்கு ஆற்றலை ஊட்டக்கூடும். அந்நிலையில் இயல்பாக அமைந்த சிறு தணிப்பே கருவியைக் காக்கிறது. அது போதாதபோது அதிர்வாற்றலை வெப்பமாக்கும் பிசுக்குமீள்மைப் படலம் ஒட்டுகின்றனர், அல்லது உணரியின் குறிப்பைக் கொண்டு இயக்கியே எதிர்விசை தருமாறு செய்கின்றனர். இப்பிந்தைய முறையைச் ‘செயலூக்கத் தணிப்பு’ எனலாம்.