மூன்று டேப் வளையங்கள், 27 நாட்கள்

ஒரு பெண் குரல் ஒரே ஒரு சுரத்தில் 'ஆ...' என்று மெதுவாக எழுந்து, சில நொடிகளில் கரைந்துபோகிறது. அதைப் பதிவுசெய்த டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டால், அதே குரல் சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இதில் இசை எங்கே இருக்கிறது என்று தோன்றலாம். வேறு நீளமுள்ள இன்னும் சில வளையங்களை அதோடு சேர்த்து ஓடவிட்டால்தான் விஷயம் புரியும். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (விமான நிலையங்களுக்கான இசை) ஆல்பத்தில் '2/1' என்ற இரண்டாவது பகுதி இப்படித்தான் உருவானது.

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகே இசைத் தயாரிப்பாளர் கோனி பிளாங்க்கின் ஸ்டுடியோவில் அந்த வளையங்கள் ஓடின. ஒன்று ஏறக்குறைய 23½ நொடிக்கு ஒருமுறை சுற்றி வந்ததாக ஈனோ பின்னாளில் சொன்னார். டேப் நொடிக்கு 38 செ.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வளையத்தின் நீளம் கிட்டத்தட்ட 9 மீட்டர்! ரெக்கார்டரில் அது எப்படி அடங்கும்? அலுமினியக் குழாய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றைச் சுற்றி டேப்பை ஓடவிட்டார்கள்.

அடுத்த வளையத்துக்கு 25⅞ நொடி, மூன்றாவதற்கு 29 15/16 நொடி என்று உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார். மூன்றும் ஒரே நொடியில் புறப்பட்டால், மறுபடி எப்போது ஒன்றாகத் தொடங்கும்? பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் விடை. அவர் சொன்ன எண்களை அப்படியே எடுத்துப் போட்டுப் பார்த்தால் 23,30,095 நொடிக்கும் சற்று மேலே வருகிறது, அதாவது ஏறத்தாழ 27 நாட்கள். மூன்று வளையங்களுக்கே இந்தக் கணக்கு. நாம் கேட்பது அதிலிருந்து வெட்டியெடுத்த ஒன்பது நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டு. எந்தக் குரல் எதன்மேல் வந்து விழும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நீளங்களின் பொருந்தாமைதான் அந்த வேலையைச் செய்கிறது. எனக்கு இந்த ஆல்பத்தின் பேரழகே அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் சுரங்கள் கன்னாபின்னாவென்று மோதாதா? மோதாது. எந்த இரண்டு சேர்ந்தாலும் காதை உறுத்தாத சுரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குரல் மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால், வெடுக்கென்று தொடங்கும் சத்தமே கிடையாது. கால் தட்டத் தாளமும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று மனம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கொலோன் விமான நிலையத்தில் காத்திருந்தபோதுதான் ஈனோவுக்கு இந்த யோசனை வந்தது. அங்கே ஒலிக்கும் இசையை அறிவிப்புகள் குறுக்கிட்டாலும் அது கெடக்கூடாது, மனிதப் பேச்சின் சுருதியோடும் வேகத்தோடும் அது போட்டி போடக்கூடாது என்று அவர் நினைத்தார். 1978 செப்டம்பர் தேதியிட்ட ஆல்பத்தின் உறைக் குறிப்பில் இதற்கு ஆம்பியன்ட் இசை, அதாவது சூழல் இசை, என்று பெயர் வைத்தார். கவனித்துக் கேட்டாலும் சரி, கண்டுகொள்ளாமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் அது இடம் தரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆல்பம் வந்த புதிதில் வரவேற்பு சுமார்தான். 'ரோலிங் ஸ்டோன்' இதழின் விமர்சனம் அதில் கவனம் குவிய ஒரு மையம் இல்லை என்று குறைப்பட்டது. பாட்டு எங்கேயோ போய்ச் சேரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 1980களில் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தின் ஒரு முனையத்தில் அது உண்மையிலேயே ஒலித்தது. 2016-இல் 'பிட்ச்ஃபோர்க்' இதழ் சிறந்த ஆம்பியன்ட் ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு முதலிடம் கொடுத்தது.

இடையில், 1998-இல், நியூயார்க்கின் 'பாங் ஆன் எ கேன்' குழு முழு ஆல்பத்தையும் வாத்தியங்களுக்கு மாற்றி வெளியிட்டது. டேப் வளையங்கள் தற்செயலாக உண்டாக்கிய சந்திப்புகளை இவர்கள் சுரம் சுரமாக எழுதி, எண்ணி வாசிக்க வேண்டியிருந்தது.